ஜீட்டரை விஞ்சிய ஷார்ட்ஸ்டாப்கள்

2020-இல் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமுக்கு டெரெக் ஜீட்டர் தேர்வானபோது, 397 வாக்குகளில் 396 அவருக்கே விழுந்தன. நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக மட்டுமே 20 சீசன்கள், 3,465 ஹிட்கள், ஐந்து வேர்ல்டு சீரிஸ் பட்டங்கள். இந்தச் சாதனைகளை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால், பேஸ்பால் கண்ட தலைசிறந்த ஷார்ட்ஸ்டாப் அவர்தான் என்று யாங்கீஸ் ரசிகர்கள் அடித்துச் சொல்வதை ஏற்பதற்கில்லை.

காரணம், ஷார்ட்ஸ்டாப்புக்கு முதல் வேலை ஃபீல்டிங். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் அவரை நோக்கித்தான் வலக்கை ஆட்டக்காரர்கள் இழுத்து அடிக்கும் பந்துகள் தரையோடு சீறி வரும். ஜீட்டர் வலப்பக்கம் ஓடிப் பந்தைப் பொறுக்கி, எம்பிக் குதித்து, அந்தரத்திலேயே முதல் பேஸுக்கு எறிவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் இடப்பக்கம், இரண்டாம் பேஸை ஒட்டிச் செல்லும் பந்துகளில் பல அவருக்கு எட்டவே இல்லை. எட்டாத பந்து பிழைக் கணக்கில் ஏறாது. எதிரணிக்கு ஹிட்டாகப் பதிவாகும். அதனால் அவருடைய குறை வெளியே தெரியவில்லை. சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருதுகள் ஐந்தும் வந்து சேர்ந்தன. தடுத்த ரன்களை அளக்கும் கணக்குமுறைகள் வந்த பிறகு, ஃபீல்டிங் பட்டியலின் அடிமட்டத்தில் இருந்தது அவர் பெயர்.

பால்டிமோர் ஓரியோல்ஸின் கால் ரிப்கன் ஜூனியரைப் பாருங்கள். ஆறடி நான்கங்குல உயரக்காரர் இந்த இடத்துக்குச் சரிப்படமாட்டார் என்ற எண்ணம் நிலவிய காலத்தில், 1982-இல் மேலாளர் ஏர்ல் வீவர் துணிந்து அவரை அங்கே நிறுத்தினார். யார் அடிக்கிறார், என்ன பந்து வரப்போகிறது என்று கணித்து, முன்கூட்டியே சரியான இடத்தில் போய் நிற்பார் ரிப்கன். 1990 சீசன் முழுவதும் அவர் செய்த பிழைகள் மூன்றே மூன்று. அதோடு 431 ஹோம் ரன்கள், லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருதுகள் இரண்டு, தொடர்ந்து 2,632 ஆட்டங்கள். ஜீட்டர் லீக்கின் எம்விபி விருதை ஒருமுறைகூட வென்றதில்லை.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஹோனஸ் வாக்னர் எட்டு முறை லீக்கின் பேட்டிங் பட்டத்தை வென்றவர். 1936-இல் ஹால் ஆஃப் ஃபேமின் முதல் ஐவரில் ஒருவர். கறுப்பின வீரர்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில் அவர் ஆடினார் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனாலும் அடி, ஓட்டம், ஃபீல்டிங் மூன்றிலும் தன் காலத்தவரை அவர் விஞ்சிய அளவுக்கு ஜீட்டர் தன் காலத்தவரை விஞ்சவில்லை.

விவாதம் சூடுபிடிப்பது ஓஸி ஸ்மித்திடம். பேட்டிங் சராசரி .262, ஹோம் ரன்கள் வெறும் 28. ஜீட்டருக்கோ .310, 260. ஆனால் 1980 முதல் 1992 வரை தொடர்ந்து 13 கோல்ட் கிளவ் வென்றவர் ஓஸி. எடுத்த ரன்னுக்கும் தடுத்த ரன்னுக்கும் மதிப்பு ஒன்றுதான். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஓஸி ஓரடி முன்னால் நிற்கிறார்.

அலெக்ஸ் ரோட்ரிகஸ்? 2004-இல் யாங்கீஸுக்கு வந்தபோது முந்தைய இரண்டு ஆண்டுகளின் கோல்ட் கிளவும் 2003-இன் எம்விபி விருதும் அவர் கையில் இருந்தன. ஆனாலும் மூன்றாம் பேஸுக்கு நகர்ந்தது அவர்தான். ஜீட்டர் நின்ற இடத்திலேயே நின்றார். திறமையில் ரோட்ரிகஸ் மேல். ஆனால் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டவர், 2014 முழுவதும் தடையில் கிடந்தவர் என்பதால் என் பட்டியலில் அவருக்கு இடமில்லை.

ஜீட்டரின் பெருமை வேறு வகை. 2001 அக்டோபர் 13, ஓக்லாந்தில் பிளேஆஃப் ஆட்டம். யாங்கீஸ் 1-0 என முன்னிலை. வலப்புற எல்லையிலிருந்து வந்த எறி, வாங்க வேண்டியவர்களின் தலைக்கு மேலே போய்விட்டது. தனக்கு வேலையே இல்லாத இடத்துக்கு ஓடிவந்த ஜீட்டர், பந்தைப் பிடித்த வேகத்திலேயே பக்கவாட்டில் கேட்சர் போசாடாவிடம் தட்டிவிட, ஓக்லாந்து வீரர் ஜெரமி ஜியாம்பி ஹோம் பிளேட்டில் அவுட். அதே ஸ்கோரில் ஆட்டம் முடிந்தது. தொடரையும் யாங்கீஸ் மீட்டது. பிளேஆஃப் ஆட்டங்களில் மட்டும் 200 ஹிட் அடித்த வீரரின் சமயோசிதம் அது.

ஆனால் தரவரிசை என்று வந்தால், ஒரு தருணத்தை அல்ல, ஆயிரக்கணக்கான பந்துகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். என் வரிசை: வாக்னர், ரிப்கன், ஓஸி ஸ்மித். ஜீட்டருக்கு நான்காம் இடம்.