பெயர் பெறாத மீகாமன்

சோழமண்டலக் கரையின் கடல் வரலாற்றைப் பேசுவோர் வேந்தரையும் வணிகரையும் பெயர் சொல்லிப் போற்றுவர். கரிகாலனையும் இராசேந்திரனையும் மாநாய்கனையும் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் காற்றுக்கும் அலைக்கும் இடையே நின்று கலத்தைச் செலுத்தியவன் யாவன்? பழந்தமிழ் அவனை நீகான் என்றும் மீகாமன் என்றும் குறிக்கும். தொழிலுக்குப் பெயர் தந்த இலக்கியம் ஆளுக்குப் பெயர் தந்திலது. இதன் காரணம் ஆராயத் தக்கது.

புலவர் அவன் தொழிலை அறியாதவர் அல்லர். அகநானூற்றின் 255ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார், இரவும் பகலும் ஓயாத காற்றால் உந்தப்பட்டுச் செல்லும் பெருங்கலத்தைக் காட்டுகிறார். உயர்ந்த மாடத்தில் எரியும் ஒளியால் திசை தெரிந்து நீகான் அதனைச் செலுத்துகிறான். ஏணி சார்த்திய உயர்மாடத்தில் கலங்களை அழைக்க இரவில் ஏற்றிய விளக்கைப் பெரும்பாணாற்றுப்படையும் கூறுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தால், கரையில் விளக்கு வைப்போனும் கடலில் அதனைக் கொண்டு வழி தேர்வோனும் கூடி நடத்திய தொழில்முறை தெளிவாக விளங்கும்.

புறநானூற்றின் 30ஆம் பாட்டு, பாய் களையாமலும் பாரம் குறைக்காமலும் ஆற்றுமுகத்துள் புகுந்த பெருங்கலத்தைப் பாடுகிறது. துறையின் ஆழத்துக்கு இதனைச் சான்று காட்டுவர், அது பொருந்தும். ஆயினும் அந்த ஆழத்தை நம்பி, பாய் விரித்தபடியே கலத்தை உள்ளே கொணரத் துணிந்த கை ஒன்றும் அங்கு உண்டன்றோ? அதனைப் பாட்டுச் சுட்டவில்லை.

அகப்பாட்டில் தலைமக்களுக்கே இயற்பெயர் கூறுதல் மரபன்று. ஆதலின் நீகான் பெயர் பெறாமை குறையாகாது எனச் சிலர் கூறலாம். இம்மறுப்பு அகத்துக்குப் பொருந்தும், காப்பியத்துக்குப் பொருந்தாது. மணிமேகலையில் சாதுவனை மீட்டுவந்த கலம் சந்திரதத்தனுடையது. பீலிவளையின் மகனை ஏற்றிச் சென்ற கலம் கம்பளச் செட்டியுடையது. இருவரும் வணிகர். பின்னைய கலம் இரவில் கரையருகே உடைந்தது. மகனை இழந்த மன்னன் இந்திர விழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது. ஒரு நகரின் அழிவுக்கே வித்தாகிய கலக்கேட்டில், கலத்தைச் செலுத்தியவன் யார், அவன் என்ன ஆனான் என்பதைச் சாத்தனார் கூறவில்லை. அதே நூலில் வேறோரிடத்து மீகாமன் வருகிறான். கூம்பு முறிய, கயிறு அற, பாய் கிழிய, அவன் நடுங்கி நிற்கிறான். அதுவும் மதங்கொண்ட யானையைக் காட்ட வந்த உவமையே!

கல்லும் இவ்வழியே பேசுகிறது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருசை அடுத்த லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சார்ந்தது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது. மரக்கல நாயனும் கேவிகளும் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன் செலுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. நாயன் என்பதற்குக் கலத்தலைவன் என்றும், கேவிகள் என்பதற்குக் கலத்தில் தொழில் புரிவோர் என்றும் பொருள் கொள்வர். பெருங்கடலைக் கடந்து வந்த தலைவன், எஞ்சியுள்ள எழுத்துக்களில் கட்டணம் செலுத்துவோனாக மட்டுமே நிற்கிறான்.

காரணம் வெளிப்படை. புலவர்க்குப் பரிசில் தந்தோர் வேந்தர். கல்லில் எழுதுவித்தோர் வணிகர். தந்தோரின் பெயர் நின்றது. உழைத்தோரின் தொழில் மட்டும் நின்றது. அத்தொழிலையேனும் பிழையின்றிப் பதிந்து வைத்தது புலவர்தம் நேர்மை.

தமிழர் கடலோடினர் என்று பெருமை கூறிப் பாடத்தை முடிப்பது எளிது. மாடத்து விளக்கை நோக்கிய அந்த இரு கண்களை மாணவர்க்குக் காட்டுவதே அரிது. வேந்தன் யார், வணிகன் யார் என்று வினவும் வகுப்பில், கலத்தைச் செலுத்தியவன் யார் என்னும் வினாவும் எழவேண்டும். அதற்கு விடையாக ஒரு பெயர் கிடைக்காது. எனினும் அவ்வினா எழுந்த வகுப்பில் அப்பாட்டு முழுமையாகப் படிக்கப்பட்டது எனலாம்.