குறுநாடகத்தில் வேடம் கட்டுவது

நாடகத் துறைகளில் ஆண்டிறுதிக்குப் பெரும்பாலும் குறுநாடகங்களைத்தான் ஆடுகிறார்கள். கலை நோக்கத்தைவிட மதிப்பெண் கணக்குதான் அதற்குக் காரணம். வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால் பதினைந்து பேரையும் மேடையேற்றிப் பார்க்க வேண்டும். முழுநீள நாடகம் என்றால் முக்கியப் பாத்திரங்கள் நாலு பேருக்குப் போய்விடும். மற்றவர்கள் ஈட்டி பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க நேரும். மூன்று நான்கு குறுநாடகங்களை ஒரே மாலையில் கோத்துவிட்டால் எல்லாருக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கும். ஆள் பற்றாக்குறையால் ஒருவரே இரண்டு மூன்று வேடம் கட்டவும் வேண்டிவரும்.

வசதிக்காகச் செய்த இந்த ஏற்பாடு மாணவருக்கு வைக்கும் சோதனை கடுமையானது. நீண்ட நாடகத்தில் முதல் காட்சியில் தடுமாறியவர் மூன்றாம் காட்சியில் சமாளித்துக்கொள்ளலாம். கால் மணி நேர நாடகத்தில் அதற்கெல்லாம் அவகாசம் இல்லை. திரையோரத்திலிருந்து காலெடுத்து வைக்கும்போதே அந்த ஆள் முழுசாக வந்துவிட வேண்டும். நாடகம் முடிந்ததும் அவரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த பத்து நிமிடத்தில் வேறொருவராக வரவும் வேண்டும். இதற்கு என்ன தயாரிப்பு உண்டு? தமிழ் நாடக மாணவர் கைவசம் இருக்கும் சரக்கை வரிசையாகப் பார்க்கலாம்.

பழையது பாய்ஸ் கம்பெனி முறை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும், எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் வளர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும் வேடத் தயாரிப்பு என்றால் பாடம்தான். வாத்தியார் சொல்லச் சொல்லப் பையன்கள் திருப்பிச் சொல்வார்கள். தன் பாடத்தோடு பிறர் பாடமும் மனப்பாடமாகிவிடும். ராஜபார்ட்டுக்குக் காய்ச்சல் என்றால் அன்றிரவே இன்னொருவன் அந்த உடுப்பில் ஏறுவான். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசித் தரைச் சீட்டுக்காரனுக்கும் வசனம் கேட்க வேண்டும் என்பதால் குரலுக்கு அடியும் உதையும் கலந்த பயிற்சி. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன் அதோடு ஸ்திரீபார்ட்டை மறந்துவிட வேண்டியதுதான். அந்தக் கொடுமைகளை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை. ஆனால் எல்லாப் பாடமும் எல்லாருக்கும் தெரிந்திருப்பது பெரிய பலம். குறுநாடக மாலையில் பக்கத்து நாடகத்தின் வசனம் தெரியாத மாணவர் பாதி மாணவர்தான்.

கம்பெனிக்கு வெளியே, 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் வைத்து நாடகம் போட்டவர். மேடை அவர்களுக்குப் பிழைப்பல்ல. பகல் வேலை முடிந்து வந்துதான் ஒத்திகை. அத்தகையவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று யோசித்த அனுபவம் அவருடைய ‘நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி’ நூலில் இருக்கிறது. அவருடைய ‘சபாபதி’யும் தனித்தனியே ஆடக்கூடிய சிறு வேடிக்கை நாடகங்களாகத்தான் எழுதப்பட்டது, 1941இன் திரைப்படம்தான் அதை ஒரே கதையாக நம் நினைவில் பதித்துவிட்டது.

கூத்தின் வழி வேறு. மட்டக்களப்பில் ஒரு கூத்துக்கு ஆள் தெரிந்ததும், பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் சட்டம் கொடுப்பார்; அவரவர் பாட்டும் வசனமும் அதில் இருக்கும். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். தாளமும் ஆட்டமும் காலில் படிந்தபின் சதங்கை அணியும் நாள். அதன்பின் அடுக்குப் பார்த்தல் என்னும் முழு ஒத்திகை. கடைசியாகத்தான் களரியில் அரங்கேற்றம். வடமோடிப் பாணியானாலும் தென்மோடிப் பாணியானாலும் ஒரு வேடம் ஒரு மனிதனுக்குள் இறங்க ஊரே காத்திருக்கும். வட தமிழகத்துத் தெருக்கூத்திலோ காத்திருப்பு மேடையில் நடக்கிறது. இரண்டு பேர் திரை பிடிக்க, அதற்குப் பின்னால் நின்று பாடி, கட்டியங்காரனுக்குத் தன்னை யாரென்று சொல்லி, ஆடி, அப்புறம்தான் துரியோதனன் முழுசாக வெளிப்படுகிறான். பார்ப்பவருக்கு அது அறிமுகம். ஆடுபவருக்கோ அந்த நேரம் வேடத்துக்குள் நுழையும் நேரம்.

இந்த நேரத்தைப் பறித்தால் என்னவாகும்? 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் இதைச் செய்து பார்த்தார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று வரிசையாக, விடிய விடிய ஆடிய கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் வைத்துக்கொண்டு, மின்விளக்கு மேடைக்கு ஏற்ற அளவில் சுருக்கினார். அண்ணாவிமார் வந்து பழக்கினார்கள். ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களில் ஒருவரான சி. மௌனகுரு, ‘இராவணேச’னில் இராவணனாக ஆடியதோடு அதன் பிரதியையும் எழுதியவர். கூத்தைச் சுருக்கியபோது கதையின் கிளைகள்தான் முதலில் போயின என்பார்கள். என் பார்வையில் பெரிய மாற்றம் நடிகனுக்கு நேர்ந்தது. விடியற்காலையில் இராவணன் கலங்குவதற்கு முன்னிரவு முழுக்க ஆடிய களைப்பும் ஒரு காரணமாக உடன் வந்தது. சுருக்கிய மேடையில் அந்தக் கலக்கத்தை மாணவன் ஒத்திகையிலேயே தேடிக் கண்டெடுத்து வைத்திருக்க வேண்டும். இன்று குறுநாடகம் ஆடும் ஒவ்வொரு மாணவருக்கும் இதே சிக்கல்தான்.

மூன்றாவது சரக்கு 1970களின் பிற்பகுதியில் வந்தது. தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற சே. ராமானுஜம் 1977இல் காந்திகிராமத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை; அதே ஆண்டு ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை, 1978இல் ஞாநியின் பரீக்ஷா, மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம். 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில், 1978இல், குழந்தை ம. சண்முகலிங்கத்தின் நாடக அரங்கக் கல்லூரி. உடலைத் தளர்த்துவது, ஒருவரையொருவர் நம்பி விழுவது, மூச்சைக் கவனிப்பது, விலங்காக நடப்பது, பிரதி இல்லாமல் ஒரு சூழலைக் கட்டுவது என்று இன்றைய நாடக வகுப்பின் முதல் ஒரு மணி நேரம் முழுதும் அந்தச் சில ஆண்டுகளின் கொடைதான். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றோரைத் திரையில் பார்க்கும்போது அந்தப் பயிற்சியின் பலன் அவர்கள் நிற்கும் விதத்திலேயே தெரியும்.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவியைக் கற்பனை செய்வோம். ஒரே மாலையில் அவருக்கு மூன்று வேடம்.

முதலாவது, செகாவின் ஒரு சிறு வேடிக்கை நாடகம். பக்கத்துப் பண்ணைக்காரன் லோமோவ், முப்பத்தைந்து வயது, எப்போதும் நெஞ்சு படபடப்பு, கண்ணிமை துடிப்பு, பெண் கேட்டு விருந்து உடுப்பில் வருகிறான். பெண் நட்டாலியா விஷயம் தெரியாமல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கையோடு வருகிறாள். பேச்சு ஒரு புல்தரை யாருக்குச் சொந்தம் என்பதில் சிக்கிச் சண்டையாகி, அவன் துரத்தப்படுகிறான். அவன் வந்தது பெண் கேட்க என்று அப்பா சொன்னதும், அவனைத் திரும்பக் கூட்டிவரச் சொல்லி அவள் அலறுகிறாள். திரும்பி வந்தவனோடு அடுத்த சண்டை, யார் வீட்டு நாய் உசத்தி என்று. உலகெங்கும் நாடக மாணவர்கள் ஆடித் தேய்த்த நாடகம் இது. 1935இல் ரஷ்ய இயக்குநர் மேயர்ஹோல்ட் இதையும் செகாவின் வேறு இரு சிறு நாடகங்களையும் சேர்த்து ஒரே மாலையாக்கினார். மூன்றிலும் எத்தனை மயக்கம் வருகிறது என்று எண்ணி, ‘33 மயக்கங்கள்’ என்றே பெயரிட்டார். அது அவருடைய பெரிய வெற்றிகளில் ஒன்றல்ல. எண்ணிக்கை நாடகத்தை அமுக்கிவிட்டது.

நம் மாணவி செய்யக்கூடிய தவறும் அதே ரகம். பிரதியில் எங்கெங்கே கோபம் என்று பென்சிலால் கோடிட்டு, அங்கெல்லாம் கத்துவார். முதல் கத்தலுக்குச் சிரிப்பு வரும். நாலாவது கத்தலுக்கு வராது. ஸ்தானிஸ்லாவ்ஸ்கி சொன்ன மருந்து தெரிந்ததே: உணர்ச்சியை நடிக்காதே, அந்த நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேள். இதே இடத்துக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வழியாகவும் வந்து சேரலாம் என்பதை நம் வகுப்புகள் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை. எட்டு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நான்காக அங்கே தரப்படுபவை புருவத்தையும் உதட்டையும் அசைக்கும் குறிப்புகள் அல்ல. அந்த உணர்வு பிறக்கும் காரணங்கள். வெகுளி எதனால் வரும்? உறுப்புக்குக் கேடு வந்தால், குடிக்குக் கேடு வந்தால், ஒருவர் நம்மை அலைத்தால், உயிருக்கு உலைவைத்தால். நட்டாலியாவின் கோபம் இரண்டாவது வகை. அந்தப் புல்தரையின் விலை சொற்பம் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். பறிபோவதாக அவள் துடிப்பது குடும்பத்தின் உரிமை. கும்பகோணத்துப் பக்கம் வரப்புத் தகராறைப் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நாய்ச் சண்டையின் கோபமோ மூன்றாவது வகை, வெறும் சீண்டல். காரணம் மாறினால் குரல் தானாக மாறும். இரண்டு சண்டையும் ஒரே சத்தமாக ஆகாது.

இரண்டாவது வேடத்தில் பெயரே இல்லை. சப்தர் ஹாஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் ஆடத் தொடங்கிய ‘மெஷின்’ பதின்மூன்று நிமிடம் ஓடும் வீதி நாடகம். தில்லியை அடுத்த காஜியாபாத்தில், சைக்கிள் நிறுத்த இடமும் தேநீர் குடிக்க ஒரு கூடமும் கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் கொல்லப்பட்ட சம்பவத்திலிருந்து பிறந்தது. நடிகர்கள் சேர்ந்து உடலாலேயே ஓர் இயந்திரமாகிறார்கள். இயந்திரம் நிற்கும்போதுதான் அதற்குள்ளிருந்து மனிதர்கள் பேசுகிறார்கள். இங்கே தனிப் பாத்திர ஆராய்ச்சி எதுவும் பலிக்காது. பக்கத்தில் இருப்பவரின் மூச்சோடு தன் மூச்சைப் பொருத்துவதுதான் தயாரிப்பு. பட்டறைப் பயிற்சி இதற்குச் சரியான ஆயத்தம். வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனெனில் நம் மாணவர்கள் நன்றாகச் செய்வது இதைத்தான்.

மூன்றாவது வேடத்தில்தான் வண்டி நிற்கும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘நானாடகம்’ 1940இல் வந்த நான்கு சிறு நாடகங்களின் தொகுப்பு. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை அப்படியே மேடைக்கு எடுத்துவந்த முன்னோடி. அதிலிருந்து ‘உடையார் மிடுக்கு’ என்று வைத்துக்கொள்வோம். மாணவி தஞ்சாவூர்க்காரர் என்றால் அவருக்குத் தெரிந்த இலங்கைத் தமிழ் பெரும்பாலும் ‘தெனாலி’யில் கமல்ஹாசன் பேசியதாகத்தான் இருக்கும். (சிரிப்புக்காகச் செய்த ஒன்றைப் பாடப்புத்தகமாக ஆக்கிய பெருமை நமக்கே உரியது.) ‘வாங்கோ’, ‘இருங்கோ’, ‘ஓம்’ என்று மூன்று சொல்லைத் தூவினால் அது யாழ்ப்பாணமாகிவிடாது. வாக்கியம் எங்கே ஏறுகிறது, எங்கே இழுபடுகிறது, உத்தியோகக்காரரிடம் பேசும்போது எந்த மரியாதை, ஏவலாளிடம் பேசும்போது எந்த அலட்சியம் என்பதெல்லாம் காது பழகினால்தான் வாய்க்கு வரும். மிடுக்கு நடையிலிருந்து வருவதற்கு முன் பேச்சிலிருந்து வருகிறது.

இதே சிக்கல் முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ ஆடுபவருக்கும் உண்டு, கி. ராஜநாராயணனின் கதையை மேடையாக்குபவருக்கும் உண்டு. நம் பயிற்சியில் மிகப் பலவீனமான பகுதி பேச்சு என்று சொன்னால் பலருக்கு வருத்தம் வரும். அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. நவீன நாடகக்காரர்கள் எதிர்த்து எழுந்தது சபா நாடகத்தின் வாய்ப்பேச்சை, துணுக்குத் தோரணத்தை. வாயை நம்பாமல் உடலைத் தேடிப் போனார்கள், கூத்துக்காரரிடம் போனார்கள். அது தேவைப்பட்ட எதிர்வினை. ஆனால் நாற்பதாண்டுக்கு மேலாகியும் வகுப்பு அங்கேயே நிற்கிறது. மாணவர் தலைகீழாக நிற்பார், அருமையாக விழுவார். வாய் திறந்தால் நெல்லைக்காரரும் வடசென்னைக்காரரும் ஒரே தொலைக்காட்சித் தமிழில் பேசுவார்கள். கழுத்துப் பட்டியில் ஒலிவாங்கி மாட்டும் பழக்கம் வந்தபின் குரலை அரங்கின் கடைசி வரிசைக்கு அனுப்பும் வித்தையும் போயிற்று.

பேச்சு மட்டுமே நடிகரின் உடம்பாக முடியும் என்பதற்குப் பெக்கெட்டின் குறுநாடகங்களைவிடக் கறாரான சான்று கிடையாது. ‘நான் அல்ல’ நாடகத்தில் இருட்டில் ஒரு வாய் மட்டும் வெளிச்சத்தில் இருக்கும். 1973இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் அதை ஆடிய பில்லி ஒயிட்லா, தலை அசையாதபடி கட்டப்பட்ட நிலையில், ஒத்திகையில் தலைசுற்றிப்போகும் அளவுக்கு வேகமாகப் பேசிப் பழகினார். கையும் இல்லை, காலும் இல்லை, முகமும் இல்லை. தமிழில் இப்படியொரு வேடத்துக்குத் தயாரான மாணவர் நம்மிடம் இருக்கிறாரா?

இருக்கிறார் என்று சொல்ல ஆசைதான். அதற்கு முதலில் ஆட நல்ல பிரதி வேண்டும், அது கையில் கிடைக்கவும் வேண்டும். ‘நானாடகம்’ போன்ற தொகுப்பைத் தேடும் மாணவர் நூலகம் நூலகமாக அலைய வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் மாணவர்கள் தாங்களே எழுதி ஆடும் குறுநாடகங்கள் தேர்வு முடிந்ததும் கணினியோடு அழிகின்றன. இலங்கையில் உயர்தர வகுப்புக்கே நாடகமும் அரங்கியலும் பாடமாக இருக்கிறது. சண்முகலிங்கம் போன்றோர் பள்ளி மேடைக்கென்றே எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்த அளவுக்குக்கூட நம் பக்கம் ஏற்பாடு இல்லை. தஞ்சையிலும் புதுவையிலும் உள்ள நாடகத் துறைகள், அந்தந்த ஆண்டு மேடையேறிய குறுநாடகங்களில் ஐந்தாறைத் தேர்ந்து, எந்த வட்டாரப் பேச்சில் ஆடப்பட்டதோ அந்தப் பேச்சிலேயே அச்சிடட்டும். கூடவே ஒத்திகையில் பதிவான குரலையும் சேர்த்துவைக்கட்டும். பதிப்பகங்கள் முன்வந்தால் இதற்குப் பெரிய செலவு ஆகாது.