தறியும் கணக்கும்: உழைப்பின் பங்கை அளப்பதில் ஒரு சிக்கல்

தேசிய வருமானத்தில் உழைப்பாளர்க்குச் சேரும் பங்கு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என ஆராய்வதற்கு முன், அப்பங்கில் எவருடைய வருவாய் அடங்கும் என்பதைத் தெளிதல் வேண்டும். ஊதியப் பட்டியலில் இடம்பெறாதோர் மிகுந்த வளரும் நாடுகளில் இம்முன்வினாவே கடினமானது.

இவ்வினாவை எதிர்கொண்டவருள் பொருளியலறிஞர் டக்ளஸ் கொல்லின் குறிப்பிடத்தக்கவர். ஏழை நாடுகளில் உழைப்பின் பங்கு மிகக் குறைவாகத் தோன்றுவதற்குச் சுயதொழில் வருவாயைப் புறக்கணிப்பதே முதன்மைக் காரணம் என்று 2002இல் அவர் காட்டினார். அவ்வருவாயைச் சேர்த்துத் திருத்தியபோது பெரும்பாலான நாடுகளில் அப்பங்கு 65 முதல் 80 விழுக்காட்டிற்குள் அமைந்தது. விடுபட்டோரைக் கணக்கிற்குள் கொணர்ந்தமை இவ்வாய்வின் சிறப்பு.

எனினும், எட்டயபுரம் போன்ற நெசவூர்களின் கூலி நெசவை வைத்து நோக்கினால் இத்திருத்தத்தின் எல்லை புலப்படும். நெசவாளர் வீட்டிலேயே தறி இருக்கும், நூல் வணிகருடையது, நெய்த துணிக்கு அளவின்படி கூலி. பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல் ஆகியவற்றில் ஈடுபடும் வீட்டுப் பெண்களின் உழைப்பும் அக்கூலிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இந்திய மாதிரிக் கணக்கெடுப்பு இத்தகையோரைச் சுயதொழில் செய்வோராகவே வகைப்படுத்துகிறது. தனி உரிமையாளராகத் தொழில் நடத்தும் வணிகரும் அதே வகையினரே. இருவர் வருவாயையும் முழுமையாக உழைப்பின் கணக்கில் வைத்தால், நெசவுக் கூலி குறைந்து வணிகர் இலாபம் அதே அளவு உயரினும் உழைப்பின் பங்கு மாறாது நிற்கும். சராசரி ஊதியத்தைச் சுயதொழிலாளர்க்கும் பொருத்தும் மாற்று வழியோ, அவ்வூதியத்திற்கும் கீழே உள்ள கூலியை மிகைப்படுத்திவிடும்.

கணக்கு மறைக்கும் இவ்வுறவை இலக்கியம் முன்னரே பதிவு செய்துள்ளது. தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) அம்பாசமுத்திர நெசவாளரின் வறுமையைத் தறியின் பழமையால் மட்டும் விளக்கவில்லை. நூலும் சந்தையும் எவர் கையில் உள்ளன என்னும் வினாவோடு பிணைக்கிறது.

தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தம் (1908) இதற்கு மறுதலையான சான்று. வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோர் துணைநிற்க, ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர். அந்நாள்களில் ஆலையின் எந்திரங்கள் மாறவில்லை. மாறியது பேரம் பேசும் வலிமை. ஒரே வாயிலில் கூடியோர்க்கு வாய்த்த அவ்வலிமை, வீடுதோறும் பிரிந்து நெய்வோர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை.

தொழில்நுட்பமும் உலக வணிகமும் உழைப்பின் பங்கைப் பாதிக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கூலிக்கு நெய்பவரையும் நெய்விப்பவரையும் ஒரே வகையில் அடக்கும் அளவீடு, பேரவலிமையின் விளைவைக் காணவே இயலாது. பங்கு நிலையாக உள்ளது எனக் கூறும் புள்ளிவிவரம், கூலி வீழ்ச்சியை மறைக்கும் திரையாகவும் ஆகலாம். எனவே, சுயதொழில் வருவாயிலிருந்து கூலிவேலை வருவாயைத் தனியே பிரித்தெடுத்தலே இத்துறை ஆய்வின் முதற்பணி எனலாம்.