செவ்வாய்க்கிழமைகள் இல்லாத புத்தகங்கள்

ஈர்ப்பு அலைகள் பற்றிப் பொதுவாசகருக்காக எழுதப்பட்டவற்றில் அதிகம் பேசப்பட்ட புத்தகங்கள் இரண்டு: ஜானா லெவின் எழுதிய 'பிளாக் ஹோல் ப்ளூஸ்' (2016), ஹாரி காலின்ஸ் எழுதிய 'கிராவிட்டிஸ் கிஸ்' (2017). இரண்டையும் அடுத்தடுத்துப் படிச்சேன். இரண்டுமே நல்ல புத்தகங்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே ஓட்டை இருக்கு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு பத்தி. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டிலும், லூசியானாவின் லிவிங்ஸ்டனிலும் லைகோ என்ற ஆய்வகத்தின் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 'எல்' வடிவம், ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர். கைகளின் முனைகளில் கண்ணாடிகள் தொங்குகின்றன. நடுவிலிருந்து புறப்படும் லேசர் இரண்டு கைகளிலும் போய்த் திரும்பி வந்து கலக்கிறது. தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதினால் அந்த அலை இங்கே கடக்கும்போது கைகளின் நீளம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு அளவு மாறும். அதை அளக்க வேண்டும். 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முறையாக அளந்தார்கள். 2017ல் நோபல் பரிசு.

லெவின் புத்தகத்தின் நாயகர்கள் மனிதர்கள். ரெய்னர் வைஸ், கிப் தோர்ன், ரொனால்டு டிரெவர் மூவருக்குள் நடந்த இழுபறி, நிர்வாகத் தலைவராக வந்த வோக்ட், டிரெவர் திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது எல்லாம் ஒரு நாவல் மாதிரி ஓடும். டிரெவரைப் பற்றிய பக்கங்களைப் படித்தால் மனசு கனக்கும். ஆனால் கருவி? அது நாடக மேடை. கட்டி முடித்துவிட்டார்கள், இனி நடிகர்கள் பேசுவார்கள். அவர் எழுதி முடிக்கும்போது அலை கிடைத்திருக்கவில்லை. கிடைத்ததும் பின்னுரையாகச் சேர்த்தார். அதனால் கட்டுவதற்கும் கண்டுபிடிப்பதற்கும் நடுவில் இருந்த காலம் அவர் புத்தகத்தில் வெறும் காத்திருப்பாகவே நின்றுவிட்டது.

லெவினிடம் நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை. காலின்ஸ்மேல்தான் எனக்கு வருத்தம், ஏன்னா அவருக்குத் தெரியும். இவர் சமூகவியலாளர். 1972லிருந்து ஈர்ப்பு அலைக்காரர்களைப் பின்தொடர்ந்தவர். சபையர் படிகத்தில் அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளப்பதைப் பற்றி 2001ல் ஒரு கட்டுரை எழுதினார். மாஸ்கோ குழுவுக்குக் கிடைத்த எண் மேற்கத்திய ஆய்வகங்களுக்குப் பல வருஷம் கிடைக்கவில்லை. ரஷ்யர் ஒருவர் கிளாஸ்கோவுக்கு வந்து செய்து காட்டியபோதுதான் புரிந்தது: படிகத்தைத் தொங்கவிடும் மெல்லிய இழையில் சரியான அளவு எண்ணெய்ப் பசை இருக்கணும். அதுக்கு அவர் செய்த வேலை, இழையைத் தன் மூக்கின்மேல் ஓட்டி எடுப்பது. எந்த ஆய்வுக் கட்டுரையும் மூக்கைப் பற்றி எழுதவில்லை. கை அறிவு காகிதத்தில் ஏறாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட மனுஷன், கண்டுபிடிப்பு நடந்த ஐந்து மாதத்தை எழுதும்போது எதைப் பார்க்கிறார்? மின்னஞ்சல்களை. தன் வீட்டிலிருந்தபடி, ஆயிரக்கணக்கில் வந்து குவிந்த மின்னஞ்சல்கள் வழியாகக் கண்டுபிடிப்பைப் பின்தொடர்கிறார். கட்டுரையின் தலைப்பு என்ன, எந்தச் சொல் போடலாம், யார் எதிர்த்தார், எப்போது அறிவிக்கலாம் என்பதெல்லாம் இருக்கிறது. விஞ்ஞானிகள் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்பதற்கு இது அருமையான ஆவணம். ஆனால் மூக்கு காணோம். அந்த ஐந்து மாதமும் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் புத்தகத்தின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

அவங்க என்ன செய்தாங்க என்று தெரிந்துகொள்ள வழி இருக்கு. லைகோவின் மின்னணுப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் சில மாதங்களாக அதைப் புரட்டுகிறேன். மென்பொருள் வேலையில் நள்ளிரவு அழைப்புக்கு எழுந்து சர்வர் பார்த்த யாருக்கும் அந்த நடை உடனே பழகிவிடும். இந்த நேரத்தில் லாக் போனது, காரணம் நிலநடுக்கம். காற்று இவ்வளவு வேகம். இந்த சென்சார் சந்தேகமாக இருக்கிறது. அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்லிவிட்டேன். 'லாக்' என்பது எல்லாக் கண்ணாடிகளும் லேசரும் ஒத்திசைந்து நிற்கும் நிலை. அதை மீண்டும் பிடிப்பதைப் படிப்படியாக நடத்துவது கார்டியன் என்ற பைத்தான் நிரல். நல்ல நாளில் அது சீக்கிரம் முடியும். காற்றும் நிலநடுக்கமும் சேர்ந்துகொண்டால் மணிக்கணக்கில் இழுக்கும். 2019 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நடந்த ஓட்டத்தில் ஹான்ஃபோர்டு கேட்டுக்கொண்டிருந்தது 71 சதவீத நேரம், லிவிங்ஸ்டன் 76 சதவீதம். மீதி நேரத்தின் கதை முழுக்க அந்தப் பதிவேட்டில்தான் இருக்கு.

செவ்வாய்க்கிழமை காலை பராமரிப்பு. அளவெடுப்பை நிறுத்திவிட்டு ஏறத்தாழ நான்கு மணி நேரம் உள்ளே போகலாம். இரண்டு இடத்துக்கும் ஒரே கிழமை, ஏன்னா ஒன்று மூடியிருக்கும்போது இன்னொன்று தனியாகக் கேட்பதில் பயன் குறைவு. வெற்றிட பம்ப்பைப் பார்ப்பது, திரவ நைட்ரஜன் லாரியை உள்ளே விடுவது, லேசரைத் திருத்துவது, கணினிகளில் புது நிரல் ஏற்றுவது, துடைப்பது, பெருக்குவது எல்லாம் அந்த நேரத்துக்குள். ஹான்ஃபோர்டு பாலைநிலம் என்பதால் காற்றில் உருண்டு வரும் முட்செடிகள் குழாய்ப் பாதை ஓரமாக மலைபோலக் குவியும். அதை அள்ளிக் கட்டுகளாகக் கட்ட ஓர் இயந்திரமே வைத்திருக்கிறார்கள். பிரபஞ்சத்தைக் கேட்கும் இடத்தில் வைக்கோல் கட்டும் வேலை!

சலிப்பான விஷயம், யார் படிப்பாங்க என்று கேட்கலாம். 2017 கோடையில் ஹான்ஃபோர்டு தரவில் விளக்கமில்லாத சின்னச் சின்னத் துடிப்புகள் வந்தன. ஒரு கையின் முனைக் கட்டடத்தில் இருந்த மைக்ரோஃபோனும் அதே நேரத்தில் ஏதோ கேட்டிருந்தது. தேடிப் போனால், திரவ நைட்ரஜன் குழாயில் உறைந்திருந்த பனியில் கொத்துத் தடங்கள். அண்டங்காக்கைகள் வெயிலுக்குப் பனியைக் கொத்தித் தின்றிருக்கின்றன. கொத்தின அதிர்வு குழாய் வழியே உள்ளே போயிருக்கிறது. பனி பிடிக்காதபடி குழாயை மூடியதும் துடிப்புகள் நின்றன. இது துப்பறியும் கதை இல்லையா?

சிரிப்பு வராத கதையும் உண்டு. இத்தாலியில் பீசாவுக்குப் பக்கத்தில் இருக்கும் விர்கோ, லைகோவின் கூட்டாளி. அங்கேயும் கண்ணாடிகள் மெல்லிய சிலிக்கா இழைகளில் தொங்குகின்றன. லைகோவில் 40 கிலோ கண்ணாடி ஒன்றை 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு இழைகள் தாங்குகின்றன என்றால் அளவு புரியும். உலோகக் கம்பியைவிட இதில் வெப்ப இரைச்சல் மிகக் குறைவு. விர்கோவில் அந்த இழைகள் திடீர் திடீரென்று அறுந்தன. கண்ணாடி கனமா, ஒட்டு சரியில்லையா, வடிவமைப்பே தப்பா என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் குற்றவாளி ஒரு பம்ப். வெற்றிடக் கலத்தில் காற்றை நிரப்பும்போது பம்ப்பிலிருந்து கிளம்பிய தூசித்துகள்கள் வேகமாக வந்து இழையில் மோதி, கண்ணுக்குத் தெரியாத கீறல் போட்டிருந்தன. நேரமில்லை. வேறு வழியில்லாமல் பழைய எஃகுக் கம்பியில் கண்ணாடிகளைத் தொங்கவிட்டு, குறைந்த நுட்பத்தோடு 2017 ஆகஸ்ட் 1 அன்று ஓட்டத்தில் சேர்ந்தார்கள்.

ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்களின் மோதல் வந்தது. விர்கோவில் அலை மிகப் பலவீனமாகவே தெரிந்தது. ஆனால் பலவீனமாகத் தெரிந்ததே ஒரு தகவல்: வானத்தில் விர்கோவுக்குச் சரியாகக் கேட்காத திசைகளுக்குப் பக்கத்தில்தான் அது நடந்திருக்கணும். தேட வேண்டிய பரப்பு சுமார் 28 சதுர டிகிரிக்குச் சுருங்கியது. தொலைநோக்கிகள் அங்கே திரும்பின, ஒளியைப் பார்த்தன. இழை சரியாகும் வரை காத்திருப்போம் என்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் இது நடந்திருக்காது. கெட்ட கம்பியோடு போவோம் என்ற முடிவும் பராமரிப்பு முடிவுதான்.

இதெல்லாம் சுவையான துணுக்குகள், அறிவியலின் மையம் இல்லையே என்று காலின்ஸ் தரப்பில் சொல்லலாம். எனக்கு அங்கேதான் உடன்பாடில்லை. முதல் கண்டுபிடிப்பையே எடுத்துக்குவோம். செப்டம்பர் 14 அன்று லிவிங்ஸ்டனில் ராபர்ட் ஸ்கோஃபீல்டும் அனமரியா எஃப்லரும் இரவெல்லாம் கருவியை வேண்டுமென்றே தொந்தரவு செய்து சோதித்துவிட்டு, அதிகாலை 4 மணி வாக்கில் போதும் என்று நிறுத்தினார்கள். 4:50க்கு அலை வந்தது. அதற்குச் சில நாள் முன்பு ரெய்னர் வைஸ் அங்கே ஒரு ரேடியோ அலைத் தொந்தரவைக் கண்டு, ஓட்டத்தைத் தள்ளிப்போட்டுச் சரிசெய்யலாம் என்றார். மற்றவர்கள் கேட்கவில்லை. இதுவரை எல்லோரும் சொல்லும் அதிர்ஷ்டக் கதை.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். இரைச்சலே தற்செயலாக இப்படி ஒரு வடிவத்தை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் காட்டியிருக்குமா? இதற்கு விடை சொல்ல, இரண்டு கருவிகளின் தரவையும் ஒன்றுக்கொன்று நேரத்தில் நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறார்கள். அப்படி நகர்த்தியபின் பொருந்துவதெல்லாம் வெறும் தற்செயல் என்று தெரியும். ஆனால் கருவி அன்றைக்கு இருந்த அதே நிலையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஆகவே கருவியின் அமைப்பை உறையவைத்தார்கள். எங்கள் தொழிலில் 'கோட் ஃப்ரீஸ்' என்போமே, அதேதான். செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 20 வரை, இரண்டும் சேர்ந்து இயங்கிய நேரம் 16 நாள் அளவுக்குத் தேறியது. அதிலிருந்துதான் இப்படியொரு தற்செயல் 2,03,000 ஆண்டுக்கு ஒருமுறைக்கும் குறைவு என்ற அந்தப் புகழ்பெற்ற எண் வந்தது.

காலின்ஸ் இந்தப் பின்னணிக் கணக்கை நன்றாகவே விளக்குகிறார். ஆனால் கணக்காக மட்டும் விளக்குகிறார். ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரு கருவியை அதே நிலையில் வைத்திருப்பது சும்மா இருப்பதல்ல. பழுதானதை மாற்றணும், மாற்றினது தெரியாதபடி மாற்றணும், மேம்படுத்த ஆயிரம் யோசனை வந்தாலும் கையைக் கட்டிக்கொள்ளணும். புள்ளியியல் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு இது. சான்றின் ஒரு பகுதியே பராமரிப்புதான்.

2017 ஜூன் 8 நிகழ்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டும். லிவிங்ஸ்டனில் ஒரு கருந்துளை மோதல் தெரிந்தது. அந்த நேரத்தில் ஹான்ஃபோர்டு கணக்கிலேயே இல்லை. கண்ணாடிகளின் கோண அசைவு அளவீட்டில் கலப்பதைக் குறைக்க, வழக்கமான ஒரு சரிசெய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேண்டுமென்றே கண்ணாடிகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எதை, எப்போது, எந்த அதிர்வெண்ணில் ஆட்டினோம் என்று குறிப்பு இருந்தது. அதை வைத்து, 30 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள தரவு கெடவில்லை என்று காட்டினார்கள். அலை அங்கேயும் இருந்தது. குறிப்பு எழுதும் பழக்கம் மட்டும் இல்லை என்றால் ஹான்ஃபோர்டின் பங்கு குப்பைக்குப் போயிருக்கும்.

இன்னொரு ஒப்பீடு. 2015ல் கேட்ட முதல் மோதலை இரைச்சலோடு ஒப்பிட்டால் அதன் வலிமை சுமார் 24. 2025 ஜனவரி 14 அன்று கிட்டத்தட்ட அதே எடையுள்ள கருந்துளைகள், கிட்டத்தட்ட அதே தொலைவிலிருந்து மோதின. வலிமை சுமார் 80. வானம் மாறவில்லை. நடுவில் இருந்த பத்து ஆண்டு வேலைதான் வித்தியாசம். லேசர் திறனைக் கூட்டினார்கள். கண்ணாடிப் பூச்சுகளில் ஒளியை உறிஞ்சும் நுண்புள்ளிகளோடு மல்லுக்கட்டினார்கள். ஒளியின் குவாண்டம் இரைச்சலை வேண்டாத பக்கம் தள்ளும் 'பிழிந்த ஒளி'யைக் கொண்டுவந்தார்கள். அதை அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாற்ற 300 மீட்டர் நீளத்தில் தனி அமைப்பே கட்டினார்கள். அந்த 80ஐ வைத்துத்தான், மோதலில் கருந்துளைகளின் மொத்தப் பரப்பளவு குறையாது என்ற ஹாக்கிங்கின் தேற்றத்தை இதுவரை இல்லாத துல்லியத்தோடு சோதிக்க முடிந்தது. இந்த வேலையை நாயகனாக வைத்து எழுதப்பட்ட பொதுவாசகர் புத்தகம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

இது வெறும் இலக்கியக் குறை என்றால் விட்டுவிடலாம். கருவியை முடிந்துபோன பொருளாகப் பார்க்கும் கண்ணுக்கு, ஒரே மாதிரி இரண்டு இருப்பது வீண் செலவாகத் தெரியும். 2025ல் அமெரிக்க அரசின் பட்ஜெட் முன்மொழிவு அதையே சொன்னது: லைகோவுக்கான 4 கோடியே 80 லட்சம் டாலரை 2 கோடியே 90 லட்சமாகக் குறைத்து, இரண்டில் ஒன்றை மட்டும் இயக்குவது. நேரம் நகர்த்திப் பார்க்கும் அந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட யாரும் இதை எழுதியிருக்க மாட்டார்கள். ஒற்றைக் கருவியில் எதை எதோடு நகர்த்துவது?

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. செய்திகளில் எல்லாம் கட்டுமானம், நிலம், தொகை. வரப்போகும் கருவியின் பாகங்கள் ஹான்ஃபோர்டில் இரண்டாவதாக நிறுவ இருந்தவை. இந்தியாவுக்கு என்று ஒதுக்கி, பல வருஷமாகச் சேமித்து வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடிக்கும் தூசி உண்டு, எலக்ட்ரானிக்ஸுக்கும் வயசு உண்டு. யாரோ ஒருவர் அவற்றைத் திறந்து, பார்த்து, மூடி, தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டிருக்கணும். எனக்கு அவர் எழுதும் புத்தகம் வேணும்.