ஃபர்னிச்சர் சந்தை வளர்கிறதா, ஃபர்னிச்சர் சீக்கிரம் உடைகிறதா?

உலக ஃபர்னிச்சர் தொழில் எங்கே போகிறது என்று இணையத்தில் தேடினால் முதல் இரண்டு பக்கத்துக்கு ஒரே ரகமான அறிக்கைகள்தான் வரும். சந்தை ஆய்வு நிறுவனங்கள் வெளியிடுபவை. சுருக்கம் இலவசம், முழுசும் வேணும்னா சில ஆயிரம் டாலர் கட்டணும். கொஞ்ச நாளாக இந்தச் சுருக்கங்களை வரிசையாகப் படித்துக் குறிப்பெடுத்து வந்தேன். நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. நகரமயமாதல், மக்களின் கையில் கூடும் பணம், ஆன்லைன் விற்பனை, வீட்டிலிருந்தே வேலை, 'பசுமை'ப் பொருட்களின் மேல் நாட்டம், இந்த ஐந்தும் எல்லாவற்றிலும் இருக்கும். ஆசிய-பசிபிக் பகுதி வேகமாக வளரும். வருடாந்தர வளர்ச்சி நாலு, அஞ்சு, ஆறு சதவீதம்னு எங்கேயோ போய் நிற்கும். சந்தை சுருங்கும் என்று சொன்ன அறிக்கை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. சந்தையின் மொத்த அளவு என்ன என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. ஒருவர் மெத்தையைச் சேர்ப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். ஆனால் எல்லோருடைய வரைபடமும் மேலேதான் ஏறுகிறது.

என் குறை அந்தச் சதவீதத்தின் மேல் இல்லை, எதை வளர்ச்சி என்று எண்ணுகிறார்கள் என்பதில்தான். ஒரு வீட்டில் தேக்கு மேசை ஒன்று செய்து அறுபது வருஷம் புழங்கினால், அறிக்கையின் கணக்கில் அது ஒரு விற்பனை. பக்கத்து வீட்டுக்காரர் பதினைந்து வருஷத்துக்கு ஒன்று என்று நாலு மேசை வாங்கினால் நாலு விற்பனை. இரண்டு வீட்டிலும் எந்த நேரத்திலும் இருப்பது ஒரே மேசைதான். இரண்டாவது வீட்டை 'வளரும் சந்தை' என்பார்கள். பொருளின் ஆயுள் என்கிற எண் இந்த அறிக்கைகளில் எங்குமே கிடையாது. அது இல்லாமல் வளர்ச்சி எது, உடைசல் எது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

பிரித்து அனுப்பி, வாங்கியவரே கோத்துக்கொள்ளும் ஃபர்னிச்சர்தான் இதற்கெல்லாம் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பாதிதான் சரி. மிகைல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியைப் பாருங்கள். நீராவியில் வளைத்த பீச் மரத்துண்டு ஆறு, ஸ்க்ரூ பத்து, நட்டு இரண்டு, அவ்வளவுதான் நாற்காலி. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி போகும். அப்படித்தான் கடல் கடந்து அனுப்பினார்கள். 1930-க்குள் ஐந்து கோடி விற்றது என்கிறார்கள். பழைய ஐரோப்பிய காபிக் கடைகளின் படங்களில் வருகிற அந்த வளைந்த முதுகு நாற்காலி இதுதான். ஸ்க்ரூ தளர்ந்தால் முறுக்கிக்கொள்ளலாம், ஒரு கால் போனால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம். பெட்டியில் அடைத்து அனுப்பியதால் அதன் ஆயுள் குறையவில்லை.

இதே யோசனை சுவீடனில் 1956-இல் மறுபடி முளைத்தது. ஐகியாவின் வடிவமைப்பாளர் கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காரில் ஏற்ற முடியாமல் கால்களைக் கழற்றினார் என்று அந்த நிறுவனமே கதை சொல்கிறது. காற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு போவது வீண் செலவு என்பது கணக்கு. அதுவும் நியாயமான கணக்குதான். வித்தியாசம் பெட்டிக்குள் இருக்கும் பொருளில் வந்தது. மரத்தூளையும் சில்லுகளையும் பிசின் கலந்து சூட்டில் அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது துகள்பலகை, போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் மலிவாகக் கிடைத்தது. மரத்தில் நார் ஓடுகிறது. ஸ்க்ரூ அந்த நாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். துகள்பலகையில் நார் கிடையாது, பிசின்தான் பிடிமானம். முதல் தடவை முறுக்கும்போது நன்றாகப் பிடிக்கும். வீடு மாறும்போது கழற்றி மறுபடி முறுக்கினால் ஓட்டை பொரிந்து தூளாகக் கொட்டும். தண்ணீர் பட்டால் ஓரம் ஊதிக்கொள்ளும், பிறகு காய வைத்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. தேக்குக் கட்டிலில் விரிசல் விட்டால் ஆசாரி சக்கை அடித்துச் சரிசெய்வார். ஊதிய துகள்பலகையை அவரிடம் கொண்டுபோனால் சிரிப்பார்.

அதே லுண்ட்கிரென் 1979-இல் வரைந்த 'பில்லி' புத்தக அலமாரி இன்றும் விற்கிறது. அதைச் செய்யும் விதம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சமீப வருடங்களில் மேலே ஒட்டும் மெல்லிய மரத்தோலை எடுத்துவிட்டு, மரம்போல் அச்சடித்த காகிதப் படலத்தை ஒட்டத் தொடங்கினார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அதே மாற்றத்தில் பின்பலகைக்கு ஆணிக்குப் பதிலாகச் சொருகும் முளைகளையும் வைத்தார்கள், கழற்றி மாட்டச் சௌகரியமாக இருக்கட்டும் என்று. விலையைக் குறைத்ததும் ஆயுளைக் கூட்டப் பார்த்ததும் ஒரே அலமாரியில். இந்தத் தொழில் இன்று மாட்டிக்கொண்டிருக்கும் இக்கட்டு இதில் தெரிகிற மாதிரி எந்த வளர்ச்சி வரைபடத்திலும் எனக்குத் தெரியவில்லை.

ஆயுளை நேரடியாக அளக்க வழி இல்லாவிட்டாலும் குப்பையை அளக்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைச் செய்திருக்கிறது. 1960-இல் அந்நாட்டு வீடுகளும் அலுவலகங்களும் தூக்கிப்போட்ட ஃபர்னிச்சரும் வீட்டு விரிப்பு, திரை வகையறாக்களும் 22 லட்சம் டன். 2018-இல் அது 1 கோடியே 21 லட்சம் டன். இடையில் மக்கள்தொகை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, குப்பை ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டது. அதில் ஏறத்தாழ 80 சதவீதம் நேராக மண்ணுக்குள் போனது. இந்த எண்ணை 'சந்தைப் போக்கு' என்ற தலைப்பின் கீழ் எந்த அறிக்கையிலாவது பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள்.

'பசுமை நாட்டம்' என்று அறிக்கைகள் எழுதும் பத்தியில் மூங்கில், மறுசுழற்சி பிளாஸ்டிக், சான்றிதழ் பெற்ற மரம் என்று வரும். எல்லாமே புதுசாக விற்கக்கூடியவை! பழைய சாமானை வாங்கி விற்பது அந்தப் பத்தியில் ஒரு வரிதான். ஐகியா 2020 முதல் பல நாடுகளில் பழையதைத் திரும்ப வாங்குகிறது. 2024-இல் மாட்ரிட்டிலும் ஓஸ்லோவிலும் வாடிக்கையாளர்களே தங்களுக்குள் விற்றுக்கொள்ள ஒரு தளத்தைச் சோதனையாகத் திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே ஒருவர் பழைய சோபா வாங்கினால் புது சோபா ஒன்று விற்காமல் போகிறது, அறிக்கையின் கணக்கில் அது சரிவு.

உண்மையிலேயே சொல்லத்தக்க பசுமைக் கதை ஒன்று மலேசியாவில் நடந்தது. ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் பால் வற்றிவிடும். அப்புறம் வெட்டி விறகாக்குவார்கள், இல்லை எரித்துத் தள்ளுவார்கள். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் ஏறிவிடும் என்பதால் தச்சு வேலைக்கு அதை யாரும் தொடவில்லை. போரான் உப்பு ஏற்றிச் சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு, 1980-களில் அதே மரம் ஏற்றுமதிச் சரக்கானது. ஜொகூரில் உள்ள மூவார் ஒரு ஃபர்னிச்சர் நகரமாகவே மாறியது. அந்தத் தோட்டங்களில் தலைமுறைகளாகப் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அந்த வேர்வைக்கு மரத்தின் விலையில் பங்கு வந்ததா என்பது வேறு கட்டுரை.

சரி, கணிப்புக்கு வருவோம். கணிப்பு எவ்வளவு தேறும் என்று பார்க்க 2021 நல்ல சோதனை. ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்தவர்கள் மேசையும் நாற்காலியும் வாங்கிக் குவித்தார்கள். வரைபடங்கள் எல்லாம் அந்தச் சரிவான ஏற்றத்தையே நீட்டிப் போட்டன. அந்த ஜூனில் பிரிட்டனின் மேட்.காம் என்ற ஆன்லைன் ஃபர்னிச்சர் கடை லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. மதிப்பு 77.5 கோடி பவுண்டு. அடுத்த வருஷம் நவம்பரில் திவால். அதன் பெயரையும் இணைய முகவரியையும் நெக்ஸ்ட் நிறுவனம் 34 லட்சம் பவுண்டுக்கு வாங்கிப்போட்டது. அதே நவம்பரில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் ஃபர்னிச்சர் இண்டஸ்ட்ரீஸ் தன் 2,700 தொழிலாளர்களையும் ஒரே ராத்திரியில் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அனுப்பி நீக்கியது. நன்றிகூறல் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால்.

என்ன நடந்தது? இரண்டு விஷயம். ஒன்று கப்பல் வாடகை. 2019-இல் நாற்பதடி கன்டெய்னர் ஒன்றுக்குச் சராசரி 1,400 டாலர் சுமாருக்கு இருந்தது, 2021 செப்டம்பரில் பத்தாயிரத்தைத் தாண்டியது. சோபா பெரும்பாலும் பஞ்சும் காற்றும், கன்டெய்னரைச் சீக்கிரம் நிரப்பிவிடும், விலையோ குறைவு. அதனால் அடி முதலில் இந்தத் தொழிலுக்கு விழுந்தது. இரண்டாவது, ஜனங்கள் ஃபர்னிச்சர் வாங்குவது பெரும்பாலும் வீடு மாறும்போதுதான். அமெரிக்காவில் வட்டி ஏறியதும் வீட்டு விற்பனை படுத்தது. 2021-இல் கைமாறிய பழைய வீடுகள் 61 லட்சம், 2023-இல் 41 லட்சம்கூட இல்லை, 1995-க்குப் பிறகு அதுவரை அதுதான் மிகக் குறைவாக இருந்தது. அறிக்கைகளில் 'நுகர்வோரின் ரசனை மாற்றம்' பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. வட்டி விகிதம் பற்றி ஒரு பத்தி இருந்திருந்தால் சில பேர் பிழைத்திருப்பார்கள்.

எங்கே செய்யப்படுகிறது என்பதிலும் இதே கதைதான். 'உற்பத்தி ஆசியாவுக்கு நகர்கிறது' என்று பருவமழை நகர்வது மாதிரி எழுதுகிறார்கள். நகர்த்தியது பெரும்பாலும் சட்டம். வர்ஜீனியாவின் தொழிலதிபர் ஜான் பாசெட் முன்னின்று நடத்திய வழக்கில், 2005-இல் சீனாவின் மரப் படுக்கையறைச் சாமான்களுக்கு அமெரிக்கா பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. (பெத் மேசி 2014-இல் எழுதிய 'ஃபேக்டரி மேன்' புத்தகம் இதைப் பற்றியதுதான்.) படுக்கையறைக்கு மட்டும்தான் வரி, சாப்பாட்டு மேசைக்கு இல்லை. உடனே கட்டில் செய்பவர்கள் வியட்நாமுக்குக் கிளம்பினார்கள். 2018-இல் சீனப் பொருட்கள்மீது 10 சதவீதம், 2019-இல் அது 25 ஆனதும் மீதிப் பேரும் பின்னால் போனார்கள். 2025 அக்டோபரில் மெத்தை தைத்த மரச்சாமான்களுக்கும் சமையலறை அலமாரிகளுக்கும் 25 சதவீதம், இந்தத் தடவை சீனா மட்டும் அல்ல, வியட்நாமுக்கும் சேர்த்து. பத்து வருஷக் கணிப்பை ஒரு கையெழுத்து மாற்றிவிடுகிற தொழில் இது.

இந்தியா பற்றிய பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'அமைப்புசாரா துறையிலிருந்து அமைப்புசார்ந்த துறைக்கு' என்ற சொற்றொடர் எல்லாவற்றிலும் வருகிறது. அதற்கு என்ன அர்த்தம்? நம் வீடுகளில் மரக்கடையில் கன அடிக் கணக்கில் மரம் வாங்கிப் போட்டு, ஆசாரியை நாள்கூலிக்கு அழைத்துக் கட்டில் செய்வது வழக்கம். அந்தக் கட்டில் எந்தச் சந்தைக் கணக்கிலும் ஒழுங்காக ஏறுவதில்லை. அதே குடும்பம் அடுத்த கல்யாணத்துக்கு ஷோரூமில் கட்டில் வாங்கினால் அது முழுசாக 'வளர்ச்சி'. நாட்டில் கட்டில் எண்ணிக்கை கூடவில்லை, கணக்கில் தெரியாத ஒருவர் வேலை இழந்தார், கணக்கில் தெரியும் ஒருவர் விற்றார். இப்படி வருகிற வளர்ச்சியும் லேசாக வரவில்லை. 2012-இல் தொடங்கி நிறைய முதலீடு திரட்டிய அர்பன் லேடரின் 96 சதவீதத்தை ரிலையன்ஸ் 2020 நவம்பரில் 182 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தூத்துக்குடியில் 2022-இல் அடிக்கல் நாட்டிய சர்வதேச ஃபர்னிச்சர் பூங்காவை நான் இந்தக் கண்ணோட்டத்தில்தான் கவனிக்கிறேன். வெளிநாட்டு மரம் இறங்கும் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, இடத்தேர்வு சரி. பக்கத்து ஊர் ஆசாரிகளுக்கு அங்கே என்ன வேலை இருக்கும், இழைப்புளி பிடித்த கைக்கா, பெட்டி ஒட்டும் கைக்கா என்பது விளம்பரத் தாள்களில் இல்லை.

ஆயுளைக் கணக்கில் சேர்ப்பது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பிரான்சில் 2013 முதல் ஒவ்வொரு ஃபர்னிச்சர் விலையிலும் ஒரு சிறு கட்டணம் தனியாகக் காட்டி வசூலிக்கிறார்கள். பழையதைச் சேகரித்துப் பிரித்து மறுபடி பயன்படுத்த அந்தக் காசு போகிறது. இதனால் சந்தைக்கு எத்தனை டன் போனது, எத்தனை டன் திரும்பி வந்தது என்று அங்கே கணக்கு எழுதியே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சூழல்-வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. நீடித்து உழைப்பது, பழுதுபார்க்க முடிவது ஆகியவற்றுக்கு விதி வகுக்கப்போகும் முன்னுரிமைப் பட்டியலில் ஃபர்னிச்சரும் மெத்தையும் இருக்கின்றன. ஃபர்னிச்சருக்கு 2028, மெத்தைக்கு 2029 என்று திட்டம். ஸ்க்ரூவை இத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் தாங்க வேண்டும் என்று ஒரு வரி அந்த விதிகளில் வந்தால், வியட்நாமில் எந்தப் பலகை வாங்குகிறார்கள் என்பதில் தொடங்கி பில்லியின் விலைவரைக்கும் மாறும். 2028-ஐத் தாண்டிக் கணிப்பு போடுகிற அறிக்கைகளில் இந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சில ஆயிரம் டாலரை மிச்சப்படுத்தலாம்.