பழந்தடம் நாடிய மன்னர்

1974-இல் பெங்களூரு அரண்மனையில் மறைந்த ஜயசாமராஜ உடையாரை இசைப்புரவலராக அறிந்த அளவிற்கு வாக்கேயகாரராக நாம் அறியோம். ‘ஸ்ரீவித்யா’ முத்திரையுடன் 94 வடமொழிக் கிருதிகளை இயற்றியவர் அவர். முத்துசாமி தீட்சிதரின் நிழலென்று அவற்றை ஒதுக்குவாருண்டு. நிழல்தானா?

அவரது அவையை அணிசெய்த வாசுதேவாசாரியார் தியாகராஜர் வழிவந்தவர். அருகிலிருந்த அவ்வழியை விடுத்து, அரிய இராகங்களும் செறிந்த சொற்கட்டும் வேண்டும் தீட்சிதர் நெறியை மன்னர் நாடியது எளிமை கருதியன்று. பியானோவிலும் வல்ல அவர், புதுமை முழங்கிய இருபதாம் நூற்றாண்டில் பழைய ரொமாண்டிக் நெறியைக் கைவிடாத உருசிய இசைஞர் மெட்னரின் படைப்புகள் இசைத்தட்டாகப் பொருளுதவினார். மெட்னரும் தம் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே உரிமையாக்கினார். பழமையை இருவரும் இரவல் வாங்கவில்லை. தாய்மொழியாகவே பேசினர் என்பது நம் துணிபு.

சில கிருதிகளில் நாமாவளிபோல் அடைமொழிகள் நெருங்கி இசைக்கு மூச்சுவிட இடந்தாராமை உண்மையே. ஆயினும் ரிஷபமும் தைவதமும் அற்ற கம்பீர நாட்டையில், எஞ்சிய ஐந்து சுரங்களைக்கொண்டே அவர் எழுப்பிய ‘ஸ்ரீ ஜாலந்தரம்’ கேட்டவர் அதனை நிழலென்னார். அரங்குகளில் அதுவே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஏனையவற்றை எடுத்தாளும் பாடகர் சிலரே. இந்நகரத்துச் சபைகள் ஒரு மாலையையேனும் அவற்றுக்கு ஒதுக்கலாகாதா?