தேடித் தீர்ந்த பூங்காவில் ஒரு டைம்

அமெரிக்க நகரங்களின் பழைய பூங்காக்களில் மெட்டல் டிடெக்டரை வைத்துக்கொண்டு நாணயம் தேடும் பழக்கத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. நூறாண்டு கண்ட பூங்கா என்றால் அதன் புல்தரையை எத்தனையோ பேர் எத்தனையோ முறை அலசிவிட்டுப் போயிருப்பார்கள். மேலோட்டமாகக் கிடந்தவை, தெளிவாக ஒலித்தவை எல்லாம் 1970களிலும் 80களிலும் தோண்டி எடுக்கப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பவை ஆழத்தில் இறங்கியவை, இரும்புக் குப்பைக்குள் சிக்கியவை, விளிம்பில் செங்குத்தாக நிற்பவை. புதிய நிலத்தில் கருவியே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே வேலை முழுவதும் காதுக்குத்தான். இந்தக் கலையின் உச்சத்தை இப்படிப்பட்ட பூங்காவில்தான் பார்க்க முடியும்.

தேடுபவர் குறிவைப்பது வெள்ளியை. 1964 வரை அமெரிக்காவில் புழக்கத்துக்கென அச்சான பத்து சென்ட் ‘டைம்’, கால் டாலர், அரை டாலர் காசுகளில் 90 விழுக்காடு வெள்ளி இருந்தது. 1965ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் டைமிலிருந்தும் கால் டாலரிலிருந்தும் வெள்ளியை அறவே நீக்கியது. கையில் வந்த வெள்ளிக் காசை மக்கள் செலவழிக்காமல் பத்திரப்படுத்தியதால் சில ஆண்டுகளிலேயே அவை புழக்கத்தைவிட்டு மறைந்தன. ஆகவே பூங்கா மண்ணில் கிடக்கும் வெள்ளிக் காசு பெரும்பாலும் 1960கள் முடிவதற்குள் யாரோ ஒருவரின் பையிலிருந்து நழுவியதாகவே இருக்கும்.

விழுந்த காசு விழுந்த இடத்திலேயே கிடப்பதில்லை. மண்புழுக்கள் அடியிலிருந்து நுண்மண்ணை மேலே கொண்டுவந்து கொட்டக் கொட்ட, மேலே கிடக்கும் பொருள் மெல்லப் புதைகிறது. சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட நூலில் இதை அளந்தே காட்டியிருக்கிறார். உதிரும் இலையும் மடியும் புல்லும் மக்கி மேலே மண்ணாகச் சேர்கின்றன. பழைய டைம் ஒன்று ஆறு, ஏழு அங்குல ஆழத்தில் கிடப்பது இப்படித்தான். அதற்கு மேலே 1960களிலும் 70களிலும் குளிர்பான கேன்களிலிருந்து பிய்த்தெறியப்பட்ட அலுமினிய வளையங்கள், மூடிகள், சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள் என்று அடுத்த தலைமுறையின் குப்பை பரவிக் கிடக்கிறது.

கருவியின் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, அந்த மின்னோட்டம் எழுப்பும் சிறிய காந்தப்புலத்தைச் சுருள் திரும்ப வாங்குகிறது. திரும்பி வருவதில் உள்ள தாமதத்தைக் கொண்டு இன்ன உலோகமாக இருக்கலாம் என்று கருவி கணிக்கிறது: வெள்ளிக்கு உச்ச ஒலி, இரும்புக்குக் கரகரப்பான தாழ்ந்த ஒலி. பெரும்பாலானோர் இரும்பின் ஒலியை அடக்கிவைத்துவிட்டுத் தேடுவார்கள். காதுக்கு அது சுகம்தான். ஆனால் துருப்பிடித்த ஆணியின் பக்கத்திலேயே காசு இருந்தால் ஆணியோடு சேர்ந்து காசும் மௌனமாகிவிடும். அரை நூற்றாண்டுத் தேடலுக்குத் தப்பிய காசுகளில் பல இப்படி ஆணியின் நிழலில் பிழைத்தவை.

தேர்ந்தவர் அதனால் இரும்பின் ஒலியையும் திறந்தே வைத்திருப்பார். பெரிய சுருளைக் கழற்றிவிட்டுச் சிறியதை மாட்டுவார். ஆழம் சற்றுக் குறைந்தாலும் ஆணியையும் காசையும் தனித்தனியே பிரித்துக் கேட்கலாம். தரையோடு தரையாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி படியும்படி மிக மெதுவாக வீசுவார். கரகரப்புக்கு நடுவே எங்கோ ஒரு கணம் கம்பியைச் சுண்டியது போல மெல்லிய உச்ச ஒலி கேட்கும். திரும்ப வீசினால் இல்லை. அவசரக்காரர் அங்கிருந்து நகர்ந்துவிடுவார். தேர்ந்தவர் அதே புள்ளியைச் சுற்றிக் கால் வட்டம் நகர்ந்து வேறு திசையிலிருந்து வீசுகிறார். துருவேறிய ஆணியும் சில நேரம் உச்ச ஒலி எழுப்பி ஏமாற்றும். ஆனால் அந்த ஒலி ஆணியின் முனையில் எழும், திசை மாறினால் இடமும் மாறும். காசின் ஒலி எத்தனை துணுக்காக இருந்தாலும் நின்ற இடத்தைவிட்டு நகராது. கேட்கும் கலையின் சாரம் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. திரையில் தோன்றும் எண் ஆழத்தில் தடுமாறும் என்பதால் அனுபவசாலி அதைக் கடைசியில்தான் பார்ப்பார். மைன்லேப் நிறுவனத்தின் எக்வினாக்ஸ் போன்று ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்கும் கருவிகளும் இரும்பின் ஒலியிலிருந்து விரைந்து மீண்டு அடுத்த ஒலியைப் பிடிக்கும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. கைவிடப்பட்ட பூங்காக்கள் அவற்றின் வரவால் மறுபடி பேசத் தொடங்கின. ஆனாலும் கருவி சொல்வதைப் புரிந்துகொள்ளும் காதுக்கு மாற்று இன்னும் வரவில்லை.

மழை பெய்து ஓரிரு நாள் கழிந்த ஈர மண் தேடவும் நல்லது, தோண்டவும் நல்லது. புல்லை மூன்று பக்கம் ஆழமாக வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல் போல விட்டுவிட்டுப் புரட்டினால் வேர் அறாது. எடுக்கும் மண்ணை ஒரு துணியின் மேல் கொட்டிவைப்பது முறை. கட்டியை உடைக்கும்போது தெரியும் மெல்லிய விளிம்புக்கு ஈடான காட்சி இந்தக் கலையில் வேறில்லை. செப்புக் காசு பச்சையேறி வரும், நிக்கல் காசு செந்நிறமாகக் கறுத்து வரும். வெள்ளியோ பெரும்பாலும் அன்று தொலைந்தது போலவே வெளுப்பாக வரும்.

1916 முதல் 1945 வரை அச்சான ‘மெர்க்குரி’ டைமைப் பாருங்கள். 17.9 மில்லிமீட்டர் அகலம், இரண்டரை கிராம் எடை. அடால்ஃப் வைன்மன் வடித்தது. சிறகு வைத்த தொப்பியோடு அதில் இருப்பவள் சுதந்திர தேவி. மெர்க்குரி என்ற உரோமக் கடவுளாக நினைத்து மக்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பின்புறம் டென்வர் நாணயச் சாலையின் ‘டி’ எழுத்துடன் 1916இல் வெளிவந்தவை 2,64,000 மட்டுமே. அப்படி ஒன்றை மண்ணோடு கட்டைவிரலால் தேய்த்தால் கீறல் விழும், மதிப்பும் போகும். தண்ணீரில் அலசுவதோடு நிறுத்த வேண்டும்.

காசு கையில் ஏறியதும் துணியிலிருக்கும் மண் முழுவதும் குழிக்குள் போக வேண்டும். புரட்டிய புல் மூடி மிதிபட வேண்டும். கிடைத்த ஆணியும் அலுமினியமும் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டும். நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் பூங்காத் துறையின் அனுமதி வாங்கித்தான் தேட முடியும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் தேடுவதற்கே தடை இருக்கிறது. வேறு ஊர்களில் விதி வேறு. கருவியை வண்டியில் ஏற்றும் முன்பே அந்த ஊர்ப் பூங்காத் துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.